வெயில் போட்ட குதிரைகள்

அவளை எல்லோரும் உருளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்களில் ஒருவராவது, "உருளைன்னா கிழங்கா அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அக்கா சிரிக்க மாட்டாள். "கிழங்குதான். வேக நேரமாகும். அதுவரைக்கும் போய் வேலையப் பாரு" என்பாள்.

உருளை என்பது பட்டறையின் பின்னறையில், தரைக்குள் பாதி புதைந்து கிடக்கும் இரண்டு கனத்த இரும்பு உருளைகள். ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, நாலாபக்கமும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, முன்னால் ஆள் உயர மின்விசிறியைச் சுழலவிட்டு, மிதியை அடிவரை அழுத்தினால் கார் நின்ற இடத்திலேயே பறக்கும். உருளைகள் எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கின்றன என்று பார்த்து, சக்கரம் வரை வந்து சேர்கிற சக்தி எத்தனை குதிரை என்று கணினி சொல்லிவிடும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருப்பாள். அவள் வாயிலிருந்து வரப்போகிற எண்ணுக்காகக் கார்க்காரர்கள், பிள்ளையின் பரீட்சை முடிவுக்கு நிற்கிற மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

பெரும்பாலும் நல்ல சேதி இருக்காது. வாங்கும்போது சொன்ன குதிரைகளில் பாதி வழியிலேயே ஓடிப்போயிருக்கும். "உங்க மெஷின்ல ஏதோ கோளாறும்மா" என்பார்கள். "மெஷின் உங்க காரை இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல சார். அதுக்கு உங்க மேல என்ன பகை?" என்று கேட்பாள் அக்கா.

இந்த வாயால்தான் அவளுக்கு இந்த வேலையே கிடைத்தது. அதற்கு முன்னால் அவள் ஒரு கல்குவாரி வாசலில் லாரி எடைமேடையில் இருந்தாள். காலி லாரியை எடை போடும்போது அது கனமாகத் தெரிந்தால், பிறகு ஏற்றுகிற கல் குறைவாகத் தெரியும். அதற்காகப் பின்பெட்டியில் நாலு பேர் மூச்சுக் காட்டாமல் படுத்துக்கொள்வார்கள். அக்கா ஒரு கழியால் பெட்டியின் பக்கவாட்டில் தட்டுவாள். "எந்திரிச்சு வாங்க சாமி. இல்லேன்னா கல்லை உங்க மேலேயே கொட்டச் சொல்லிடுவேன்." ஒரு நாள் தன் காரை எடை போட வந்த பட்டறை முதலாளி இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். சிரித்து முடித்துவிட்டு, "இந்த வாய் எனக்கு வேணும்மா. என்கிட்டே அளக்கிறதுக்கு ஒரு மெஷின் இருக்கு, அளக்கத்தான் ஆளில்லை" என்றார். கணினியை அவளே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டாள். இன்ஜின்களை, அவற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்குகளை நச்சரித்துக் கற்றுக்கொண்டாள். முதலாளி தங்கமான கைக்காரர். இன்ஜினின் முனகலைக் கேட்டே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். அவரிடம் பாடம் கேட்டதில் அக்காவுக்குப் பெருமைகூட இருந்தது.

பெருமை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் இனி சொல்லப்போவது அந்த மனிதர் செய்த காரியத்தைப் பற்றி.

அந்தத் தொழிலில் 'வெயில் போடுவது' என்று ஒரு பேச்சு உண்டு. சூடான காற்று மெலிந்த காற்று; அதைச் சுவாசித்து ஓடுகிற இன்ஜினுக்குச் சக்தி குறையும். குளிர்ந்த காலையில் அளந்த காரையும் கொதிக்கிற மத்தியானத்தில் அளந்த காரையும் அப்படியே ஒப்பிட்டால் அநியாயம். அதனால் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு சென்சார் தொங்கும். விரல் நீளம், நுனியில் சின்ன உலோக மொட்டு. அது காற்றின் சூட்டைக் கணினிக்குச் சொல்லும். காற்று சூடாக இருந்தால், பாவம், மூச்சு முட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது என்று கணினி சில குதிரைகளைக் கூட்டிக் கொடுக்கும். இது நியாயமான சலுகை. ஆனால் சென்சாரை மட்டும் எடுத்துக் கொண்டுபோய் ஒரு விளக்குக்குக் கீழேயோ சூடான குழாய்க்குப் பக்கத்திலேயோ வைத்துவிட்டால், கணினி அறையே கொதிக்கிறதென்று நம்பி வாரி வழங்கிவிடும். இதற்குப் பெயர்தான் வெயில் போடுவது. ஊரில் உருளை வைத்திருந்த எல்லோரும் போட்டார்கள். தெரியாதவர்கள் யாரும் இல்லை. கார்க்காரர்களே அக்காவின் காதருகே வந்து, "கொஞ்சம் வெயில் போடுங்களேன் அக்கா" என்று குழைவார்கள்.

"இங்க எப்பவும் மழைதான்" என்பாள்.

இந்த நிலையில்தான் அக்கா காய்ச்சலில் படுத்தாள். வேகப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். விமானங்கள் வராமல் போன ஒரு பழைய ஓடுதளத்தில் வருஷத்துக்கு ஒரு முறை கார்களின் உச்ச வேகத்தை அளப்பார்கள். போகும்போது ஒரு ஓட்டம், அதே பாதையில் திரும்பி வரும்போது ஒரு ஓட்டம். இரண்டின் சராசரிதான் கணக்கு. போகும்போது முதுகில் தள்ளிவிட்ட காற்று, வரும்போது முகத்தில் அறையும். அதில் பொய் கழிந்துவிடும். பட்டறையின் சொந்தச் சிவப்புக் கார் அதில் ஓட இருந்தது. ஓட்டப்போகிறவன் அக்காவின் தம்பி. அவனும் பட்டறையில்தான் வேலை செய்தான். வீட்டில் அக்கா கீழே, அவனும் அவன் மனைவியும் மாடியில்.

காய்ச்சல் விட்டு அக்கா வேலைக்குத் திரும்பியபோது காரைத் தூக்குலாரியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். முதலாளியும் தம்பியும் கூடவே போய்விட்டார்கள். பட்டறை வாசலில் பெயிண்டர் ஏணி மேல் நின்றுகொண்டு ஒரு பெரிய பலகைக்குக் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். பலகையில் சிவப்புக் கார். அதற்குக் கீழே காரைவிடப் பெரிதாக 560 என்ற எண்.

"என்னண்ணே இது?"

"நம்ம வண்டிம்மா. ஐந்நூத்தி அறுபது குதிரை. தள்ளி நில்லு, உதைக்கும்."

"நான் அளந்தப்போ ஐந்நூத்தி இருபதுதானே?"

"நீ படுத்திருந்த நேரத்துல நாப்பது குட்டி போட்டுடுச்சு."

அக்கா பின்னறைக்குப் போனாள். மின்விசிறிக்குப் பக்கத்தில் கொக்கி மட்டும் இருந்தது, சென்சார் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சுவரோடு ஓடி, உருளைகளைச் சுற்றி, அறையின் பின்கோடியில் ஒரு இரும்புத் தாங்கியின் காலில் ஒட்டுநாடாவால் சுற்றப்பட்டிருந்தது. கார் ஏறி நின்றால் புகைக்குழாயின் வாய் சரியாக அந்த இடத்துக்குச் சாண் தூரத்தில் இருக்கும். கம்பியின் உறை பழுப்பேறி, இளகி, வழிந்து உறைந்திருந்தது.

வாசலுக்கு வந்தாள். "அண்ணே, வெயில் போட்டாங்களா?"

பெயிண்டர் சிரித்தார். "சும்மா விளையாட்டுக்கும்மா. வீடியோ எடுக்கணும், கொஞ்சம் வெயில் போடுங்கப்பான்னாரு முதலாளி. போட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நிஜமாவே இன்ஜின்ல வேலை பாத்தாங்க. பெட்ரோலைக் கொஞ்சம் குறைச்சுப் பாப்போம்னாரு. குறைச்சா நம்பர் ஏறுச்சு. இன்னும் குறைச்சாங்க, இன்னும் ஏறுச்சு. ஒரே கும்மாளம். உன் தம்பி முதலாளியத் தூக்கிக்கிட்டு ஆடினான்."

"வேலை பாக்க ஆரம்பிக்கும்போது சென்சாரைக் கழட்டி எடத்துல மாட்டினாங்களா?"

பெயிண்டரின் கை பலகையிலேயே நின்றுவிட்டது. "மாட்டினாங்களா..." என்று இழுத்தார். "அது எனக்கு ஞாபகம் இல்லியேம்மா."

அக்கா உள்ளே போய்க் கணினியைப் போட்டாள். கடைசி ஓட்டம் திரையில் வந்தது. ஓரத்தில் காற்றின் வெப்பம் தொண்ணூற்றைந்து டிகிரி என்று இருந்தது. அந்த அறையில் உண்மையிலேயே அவ்வளவு சூடு இருந்திருந்தால் ஆடினவர்கள் எல்லோரும் வெந்து வடிக்கப்பட்டிருப்பார்கள். அந்த எண் அத்தனை பேர் கண் முன்னாலும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. பெரிய எண்ணைப் பார்த்தவர்கள் பக்கத்து எண்ணைப் பார்க்கவில்லை.

நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புகைக்குழாய் மேலும் சூடேறியிருக்கிறது. குழாய் சூடாகச் சூடாகச் சென்சார் சூடாகி, கணினி கூடுதலாகக் குதிரைகளைக் கொடுத்திருக்கிறது. இவர்களோ பெட்ரோலைக் குறைத்ததால்தான் ஏறுகிறது என்று நம்பி மேலும் மேலும் குறைத்திருக்கிறார்கள். ஊரை ஏமாற்ற வைத்த வெயிலை வைத்த இடத்திலேயே மறந்துவிட்டு, அதைப் பார்த்துத் தாங்களே இன்ஜினுக்கு வைத்தியம் பண்ணியிருக்கிறார்கள்.

வெயிலைக் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஐந்நூறுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. கார் அவள் அளந்தபோது இருந்ததைவிட இளைத்திருந்தது. அந்த மாதிரி இன்ஜினில் பெட்ரோல் எரிவதற்கு மட்டும் போவதில்லை. தேவைக்கு மேல் கொஞ்சம் ஊற்றுவதே உள்ளே குளிர வைப்பதற்குத்தான். அதைக் குறைத்தால் பிஸ்டன் கொதிக்கும். உருளை மேல் ஒரு ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும், தாங்கும். ஓடுதளத்தில் மிதியை அடிவரை அழுத்தி அப்படியே வைத்திருக்க வேண்டும். அந்த வேகத்தில் இன்ஜின் இறுகிப் பின்சக்கரங்கள் சட்டென்று பூட்டிக்கொண்டால் உள்ளே இருக்கிறவனுக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க அவள் விரும்பவில்லை.

தம்பிக்குப் போன் போட்டாள். பின்னால் லாரியின் இரைச்சல் கேட்டது.

"டேய், அந்த வண்டியை ஓட்டாதே. பெட்ரோல் பத்தாம ஓடுது அது. நீங்க பாத்த நம்பர் பூராவும் வெயில்."

"அக்கா, உனக்கு இன்னும் காய்ச்சல் விடலையா?"

"சென்சார் புகைக்குழாய்கிட்ட கிடக்குடா!"

"அது வீடியோவுக்கு வச்சது. அப்புறம் எடுத்துட்டோம்."

"யாரு எடுத்தா?"

"முதலாளி எடுத்திருப்பாரு."

போன் கைமாறியது. "ஏம்மா, படுத்து எந்திரிச்சு வந்த உடனேயே ஆரம்பிச்சிட்டியா?" என்றார் முதலாளி, பிரியமாகத்தான்.

"சென்சாரை நீங்க எடுத்தீங்களா அண்ணே?"

"உன் தம்பி எடுத்திருப்பான். இதப் பாரும்மா, முப்பது வருஷமா இன்ஜினோட குடித்தனம் பண்றவன் நான். அது நல்லா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? நீ போய் நல்லா ஓய்வெடு." வைத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு போனும் எடுக்கப்படவில்லை.

சாயங்காலம் தம்பி மனைவியிடம் சொன்னாள். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க சொன்னாலும் கேக்க மாட்டாரு. காரு சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மடித்த சட்டையையே மறுபடி உதறி மறுபடி மடித்தாள். "அண்ணி, நீங்க நேர்லயே போயிடுங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தும் அக்கா போய்ச் சேர்ந்தபோது தாமதமாகிவிட்டது. கம்பி வேலிக்கு வெளியே அவள் நடந்துகொண்டிருக்கும்போதே சிவப்புக் கார் பாய்ந்து போவது கேட்டது. ஒலிபெருக்கி வேகத்தைச் சொன்னது: மணிக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

முதலாளி கூடாரத்தடியில் வயர்லெஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா! வந்ததும் வராததுமா நல்ல சேதி! டீ குடி."

"போன வருஷம் ரெண்டு பக்கமும் சராசரி முந்நூறு போனான் அண்ணே. ஐந்நூத்தி இருபது குதிரையில." அவள் ஓரத்தில் நட்டிருந்த கொடியைக் காட்டினாள். அது கார் போன திசையிலேயே விறைத்து நின்றது. "இப்ப நாப்பது குதிரை கூட. காத்தும் பின்னாலேருந்து தள்ளுது. அப்படியும் முந்நூறைத் தொடல. அந்த நாப்பது எங்கே? மேயப் போயிருக்கா?"

முதலாளி கொடியைப் பார்த்தார். பிறகு பார்க்காதது மாதிரி இருந்தார். "முதல் ஓட்டம்தானே. திரும்பி வரும்போது அடிச்சுத் தூக்கிடுவான்."

"எதிர்க்காத்துலயா?"

ஓடுதளத்தின் மறுகோடியில் தம்பி தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தான். அங்கே நடந்து போய்ச் சேருவதற்குள் அவன் கிளம்பிவிடுவான். அக்கா முதலாளியின் கையிலிருந்து வயர்லெஸ்ஸை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கினாள்.

"டேய், நான்தான்."

"அக்கா? நீ எங்கே இங்கே?"

"கேட்டதுக்கு மட்டும் சொல்லு. கடைசிப் பகுதியில வண்டி இழுத்துச்சா, தூங்குச்சா?"

"தம்பி, நேரமாச்சு, தயாராகு!" என்று முதலாளி பக்கத்திலிருந்தே கத்தினார்.

"இழுத்துச்சா, தூங்குச்சாடா?"

"...தூங்குச்சு."

"சத்தம் ஏதாவது?"

"டப்பாவில கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி ஒண்ணு. ஹெல்மெட்டுன்னு நினைச்சேன்."

"உள்ளே மண்டை இருந்தா ஹெல்மெட் ஏண்டா குலுங்குது? அது பிஸ்டன். இன்ஜினை நிறுத்திட்டு இறங்கு."

முதலாளி வயர்லெஸ்ஸை மீட்டுக்கொண்டார். "தம்பி, இன்னும் ஒரே ஓட்டம்தான். பாத்து மிதி. ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு கார்க் கதவு சாத்துகிற சத்தம். "இறங்கிட்டேன் அண்ணே" என்றான் தம்பி.

காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜின் மூடியைத் திறந்தார்கள். முதலாளியே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். மூன்றாவதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார். அதன் வெள்ளைப் பீங்கானில் ஊசிமுனை அளவில் வெள்ளிப் பொட்டுகள் மினுங்கிக்கொண்டிருந்தன. பிஸ்டன் உருகித் தெறித்திருந்தது. அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார்.

அக்கா காத்திருந்தாள். அவர் தம்பியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தாள். தப்பிச்சடா என்றாவது.

"நல்ல வேளை, யாரும் பாக்கல" என்றார் முதலாளி. "போற ஓட்டத்தோட நம்பரை மட்டும் எடுத்துக்குவோம். பலகையில ஓரமா எழுதிக்கலாம்."

அக்கா அவருக்கு நேர் முன்னால் போய் நின்றாள்.

"ஊரை ஏமாத்தினீங்க அண்ணே, அது போகட்டும், ஊரும் ஏமாற ஆசைப்பட்டுத்தான் வருது. உங்களையே ஏமாத்திக்கிட்டீங்களே, அதுக்கு என்ன பேரு? திரையில தொண்ணூத்தஞ்சு டிகிரி எரியுது. அது முன்னாடி நின்னு ஆடியிருக்கீங்க. அளக்கிறதுக்கு ஆள் வேணும்னுதானே என்னைக் கூட்டிக்கிட்டு வந்தீங்க? நம்பர் ஏறணும்னா ஆள் எதுக்கு, சாக்பீஸ் போதுமே! சுவத்துல ஆயிரம்னு எழுதி வச்சுட்டு என் தம்பியை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே! இப்பவும் உங்களுக்கு யாரும் பாக்கலைங்கறதுதான் நிம்மதி, இல்ல?"

"கத்தாதம்மா. ஆளுங்க திரும்பிப் பாக்கறாங்க."

"பாக்கட்டும்!"

நேரம் குறிக்கிற அதிகாரி, வெயிலுக்குத் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு, அட்டையும் பேனாவுமாக வந்தார். வயதானவர். உருகிய பிளக்கைப் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"திரும்பற ஓட்டம் இல்லையா? என்ன எழுதறது?"

"கோடு போட்டுடுங்க சார்" என்றார் முதலாளி.

"கோடு வேணாம்" என்றான் தம்பி. அவன் அதுவரை ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றிருந்தான், இப்போது கழற்றினான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "பெட்ரோல் பத்தாம பிஸ்டன் உருகிடுச்சுன்னு எழுதுங்க சார்."

"தம்பி..." என்றார் முதலாளி.

"ஓட்டினவன் நான் அண்ணே. நான் சொல்றேன்."

"இதுல அதுக்கெல்லாம் கட்டம் கிடையாதுப்பா" என்றார் அதிகாரி.

"ஓரத்துல எழுதுங்க. இடம் பத்தலேன்னா போன ஓட்டத்து நம்பரை அடிச்சுட்டு அங்க எழுதுங்க."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். அதிகாரி ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டு போனார்.

திரும்பும்போது தூக்குலாரியின் முன்னிருக்கையில் டிரைவருக்குப் பக்கத்தில் தம்பியும், ஜன்னலோரம் அக்காவும் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள். பின்னால் சிவப்புக் கார் தார்ப்பாய்க்குள் ஆடிக்கொண்டு வந்தது. அதற்கும் பின்னால் முதலாளி தன் காரில் தனியாக வந்துகொண்டிருந்தார்.

"இன்னும் கோவமாக்கா?"

"ஆமா."

"அவர் மேலயா?"

"உன் மேலயும்தான். வண்டி தூங்குதுன்னு தெரிஞ்சும் கடைசிவரைக்கும் மிதிச்சிருக்கியே, காலை எடுக்கணும்னு தோணலையா உனக்கு?"

தம்பி கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "ஐந்நூத்தி அறுபதுன்னு சொன்னாங்கல்ல. அவ்வளவு குதிரை இருந்தும் போகலேன்னா, எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோன்னு நினைச்சேன். பயந்துக்கிட்டுக் காலைத் தளர்த்திட்டேன் போலன்னு நினைச்சு, இன்னும் நல்லா மிதிச்சேன்."

அவனுக்காக அக்கா சேர்த்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் ஆள் மாறிவிட்டன. அவனைத் திட்ட அதற்குமேல் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். முதலாளியின் கார் பின்னால் வந்துகொண்டுதான் இருந்தது.

"வண்டியை ஓரங்கட்டுங்கண்ணே" என்றாள் டிரைவரிடம்.

லாரி நின்றது. பின்னால் முதலாளியும் நிறுத்தினார். அக்கா இறங்கி, புழுதிக்குள் விறுவிறுவென்று நடந்து போய், அவர் கார்க் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினாள். அவர் இறக்கினார். விட்ட இடத்திலிருந்து அவள் ஆரம்பித்தாள்.